வலி மாத்திரை போட்டால் மலச்சிக்கல் வருவது ஏன்? முதல் நாளே டாக்டரிடம் கேட்க வேண்டியது என்ன?

"கடைசியா எப்போ மோஷன் போனீங்க ஐயா?"

வீட்டுக்கு வந்திருந்த நர்ஸ் இப்படிக் கேட்டதும் என் பெரியப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். பக்கத்தில் பெரியம்மா, கதவோரம் மருமகள், ஹாலில் நான். இத்தனை பேரை வைத்துக்கொண்டு கேட்கிற கேள்வியா இது என்பதுபோல் இருந்தது அவர் முகம். நர்ஸ் எங்களை வெளியே அனுப்பிவிட்டு மறுபடியும் கேட்டார். பதில் பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஆறு நாள் ஆகியிருந்தது.

"மாத்திரை போட்டா வயிறு கல்லு மாதிரி ஆயிடுதும்மா. வலியைக்கூடப் பல்லைக் கடிச்சுக்கிட்டுத் தாங்கிடலாம், இதைத் தாங்க முடியல. அதான் மதியமும் ராத்திரியும் போடுறதை விட்டுட்டேன்" என்றாராம்.

அவருக்குப் புற்றுநோய் எலும்புக்குப் பரவியிருந்தது. 4 மணி நேரத்துக்கு ஒரு முறை மார்ஃபின் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார்கள். முதல் சில நாட்கள் நிம்மதியாகத் தூங்கியவர், திடீரென்று மறுபடி வலியில் துடிக்க ஆரம்பித்தார். நோய் முற்றிவிட்டது என்று நினைத்தோம். டோஸை ஏற்றச் சொல்லி டாக்டரிடம் கேட்கலாம் என்றுகூட பேசிக்கொண்டிருந்தோம். ஆனால் விழுங்காமல் விட்ட மாத்திரைகள் தலையணை உறைக்குள் இருந்தன.

மருத்துவமனை கொடுத்த மருந்துச் சீட்டை அன்றைக்கு எடுத்துப் பார்த்தேன். வலிக்கு, வாந்திக்கு, அசிடிட்டிக்கு என்று எல்லாவற்றுக்கும் மருந்து இருந்தது. மலச்சிக்கலுக்கு மட்டும் எதுவும் எழுதப்படவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

வலிக்கான மருந்தை நோயாளிகள் தாங்களாகவே குறைப்பதற்கும் நிறுத்துவதற்கும் மலச்சிக்கல் ஒரு முக்கியக் காரணம். ஆனால் வீட்டில் யாரும் இதை வாய்விட்டுச் சொல்வதில்லை. சரியான மருந்தை முதல் நாளிலிருந்தே சேர்த்துக் கொடுத்தால் பெரும்பாலும் சமாளித்துவிடக்கூடிய பிரச்சினை இது. எப்படி என்று பார்ப்போம்.

முதல்ல, ஓபியாய்டுன்னா எது?

பாப்பிச் செடியின் காயைக் கீறினால் வடியும் பால்தான் அபின். அதிலிருந்து எடுக்கப்படும் மருந்துகளும், அதைப்போலவே வேலை செய்யும்படி ஆய்வகத்தில் உருவாக்கப்படும் மருந்துகளும் ஓபியாய்டு எனப்படுகின்றன. மார்ஃபின், கோடீன், ட்ரமடால், டேபெண்டடால், ஃபெண்டனில், புப்ரினார்ஃபின் எல்லாம் இந்தக் குடும்பம்தான்.

'இதெல்லாம் கேன்சர் நோயாளிகளுக்குத்தானே' என்று கடந்துபோக வேண்டாம். பைக் விபத்தில் கால் முறிந்து பிளேட் வைத்தவருக்கும், முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்ட அம்மாவுக்கும், சிசேரியன் முடிந்து வீடு திரும்பிய தோழிக்கும் சில நாட்களுக்கு ட்ரமடால் எழுதிக் கொடுத்திருக்கலாம். பாராசிட்டமாலுடன் சேர்ந்த ஒரே மாத்திரையாக வருவதால், அதற்குள் ஓபியாய்டு இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. சில இருமல் சிரப்புகளில் இருக்கும் கோடீனும் இதே வகைதான்.

வீட்டில் இருக்கும் மாத்திரை அட்டையைத் திருப்பி, பிராண்ட் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் படித்துப் பாருங்கள். மேலே சொன்ன பெயர்களில் ஒன்று இருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்கானது.

வலி காலில்... மருந்துக்கு வயித்துல என்ன வேலை?

ஓபியாய்டு மருந்துகள் மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள 'ரிசப்டர்' எனும் ஏற்பிகளில் போய் ஒட்டிக்கொள்கின்றன. பூட்டில் சாவி பொருந்துவது போல. அப்போது வலிச் செய்தி மூளைக்குப் போவது தணிகிறது.

சிக்கல் என்னவென்றால், அதே பூட்டுகள் குடலிலும் நிறைய உள்ளன. குடலின் சுவருக்குள் தனியாக ஒரு நரம்பு வலைப்பின்னலே இருக்கிறது. உணவை அலை அலையாகத் தள்ளிக்கொண்டு போவது அதன் வேலை. ஓபியாய்டு அங்கேயும் போய் ஒட்டிக்கொள்ளும்போது மூன்று விஷயங்கள் நடக்கின்றன.

ஒன்று, குடலின் அலை அசைவு மந்தமாகிறது. இரண்டு, குடலுக்குள் நீர் சுரப்பது குறைகிறது. மலம் நீண்ட நேரம் உள்ளேயே கிடப்பதால் இருக்கும் நீரும் உறிஞ்சப்பட்டு அது காய்ந்து இறுகுகிறது. மூன்று, ஆசனவாயைச் சுற்றியுள்ள தசை வளையம் இறுக்கமாகிறது; 'வருது' என்ற உணர்வும் மழுங்கிப்போகிறது.

இது எவ்வளவு உறுதியான விளைவு என்பதற்கு வீட்டு மருந்துப் பெட்டியிலேயே சாட்சி உண்டு. வயிற்றுப்போக்கு நிற்பதற்காகப் போடும் லோபராமைடு மாத்திரை ஞாபகம் இருக்கிறதா? அதுவும் ஓபியாய்டு வகைதான். வழக்கமான அளவில் மூளைக்குள் நுழையாமல் குடலோடு நின்றுவிடும்படியான மருந்து, அவ்வளவுதான். அதாவது வலிக்கு ஓபியாய்டு போடும் ஒருவர், வயிற்றுப்போக்கே இல்லாமல் தினமும் வயிற்றுப்போக்கு மாத்திரையும் சேர்த்துப் போடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். குடல் என்ன செய்யும்?

கொஞ்ச நாள்ல பழகிடாதா?

இந்த நம்பிக்கையில்தான் பல வீடுகளில் நாட்கள் ஓடிவிடுகின்றன.

ஓபியாய்டு ஆரம்பித்ததும் வரும் குமட்டலும் தூக்கக் கலக்கமும் பலருக்குச் சில நாட்களிலிருந்து ஓரிரு வாரங்களுக்குள் குறைந்துவிடும். உடல் அதற்குப் பழகிக்கொள்ளும். மலச்சிக்கல் அப்படி இல்லை. குடல் இந்த மருந்துக்குப் பெரிதாகப் பழகுவதில்லை. மாத்திரை தொடரும்வரை மலச்சிக்கலும் தொடரும் என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு.

அதனால்தான் வலி நிவாரணச் சிகிச்சை மருத்துவர்கள் மலச்சிக்கல் வரும்வரை காத்திருப்பதில்லை. தொடர்ந்து எடுக்க வேண்டிய ஓபியாய்டை எழுதும்போதே மலமிளக்கியையும் சேர்த்து எழுதுவார்கள். காரணமில்லாத வயிற்றுப்போக்கு போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. மற்றபடி இரண்டும் ஜோடியாகத்தான் வர வேண்டும்.

வாழைப்பழம், கீரை, இசப்கோல்... இது போதாதா?

மலச்சிக்கல் என்றதும் நம் வீடுகளில் முதலில் வருவது வாழைப்பழம். அடுத்து கீரை, கொய்யா, பப்பாளி, ஊறவைத்த உலர் திராட்சை. இவை எதுவும் தப்பில்லை. சாப்பிட முடிந்தால் நல்லதுதான். ஆனால் இங்கே பிரச்சினை நார்ச்சத்துக் குறைவு அல்ல. குடலைத் தள்ளச் சொல்லும் நரம்புகளை மருந்து அடக்கி வைத்திருக்கிறது. பஸ்ஸே நகராமல் நிற்கும்போது இன்னும் பத்துப் பேரை ஏற்றி என்ன பயன்?

இசப்கோல் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். அது தண்ணீரை உறிஞ்சி உப்பி, மலத்தின் பருமனைக் கூட்டி, அதன் மூலம் குடலைத் தூண்டும் பொருள். ஓபியாய்டு எடுப்பவரின் குடல் அந்தத் தூண்டுதலுக்குச் சரியாக அசையாது. படுக்கையில் இருப்பவர், தண்ணீர் அதிகம் குடிக்க முடியாதவர் என்றால் அது உள்ளேயே கட்டியாகி அடைப்பை உண்டாக்கும் அபாயம் உண்டு. 'இயற்கையானதுதானே' என்று டாக்டரைக் கேட்காமல் கலக்கிக் கொடுக்காதீர்கள்.

விளக்கெண்ணெயும் அப்படித்தான். கடுமையான வயிற்றுப் பிடிப்பையும் திடீர்ப் பேதியையும் உண்டாக்கும். ஏற்கெனவே பலவீனமாக இருப்பவருக்குத் தேவையில்லாத சோதனை.

தண்ணீர் நிறையக் குடியுங்கள் என்பது பொதுவான அறிவுரை. ஆனால் இதயச் செயலிழப்பு, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குத் தண்ணீருக்கே அளவு சொல்லியிருப்பார்கள். அவர்கள் அந்த அளவைத் தாண்டக் கூடாது.

அப்போ எந்த மருந்துதான் வேலை செய்யும்?

மலமிளக்கிகள் எல்லாம் ஒன்றல்ல. மெடிக்கல் ஷாப்பில் "மோஷன் போக ஏதாவது குடுங்க" என்று கேட்டால் எது வேண்டுமானாலும் கைக்கு வரலாம். வகை தெரிந்தால் டாக்டரிடம் பேசுவது சுலபம்.

குடலைத் தூண்டுபவை: சென்னா, பிசாகோடில், சோடியம் பிக்கோசல்ஃபேட். மந்தமான குடலைத் தட்டி எழுப்பி அசைய வைப்பவை. சென்னா என்பது நம்ம ஊர் நிலாவாரை. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் விளைந்து பல நாடுகளுக்குப் போகும் இந்த இலைக்கு உலகச் சந்தையில் 'டின்னவேலி சென்னா' என்றே பெயர். சென்னா, பிசாகோடில் மாத்திரைகள் வேலை செய்ய சுமார் 6 முதல் 12 மணி நேரம் ஆகும். அதனால் வழக்கமாக இரவு படுக்கும்முன் எடுக்கச் சொல்வார்கள். பிசாகோடில் மாத்திரையைப் பாலுடனோ அசிடிட்டி மருந்துடனோ சேர்த்து விழுங்கக் கூடாது. அதன் மேல்பூச்சு முன்கூட்டியே கரைந்து வயிற்றைப் புரட்டும்.

நீரை இழுப்பவை: லாக்டுலோஸ் சிரப், தண்ணீரில் கலந்து குடிக்கும் பாலிஎத்திலீன் கிளைக்கால் பவுடர். இவை குடலுக்குள் நீரைத் தக்கவைத்து மலத்தை இளக்கும். பலன் தெரிய ஒன்று முதல் மூன்று நாட்கள் ஆகலாம். 'நேத்து குடிச்சேன், இன்னும் ஒண்ணும் நடக்கல' என்று உடனே நிறுத்திவிடாதீர்கள். லாக்டுலோஸ் சிலருக்கு வாயுவையும் வயிற்று உப்புசத்தையும் தரும். மெக்னீசியம் கலந்த வெள்ளை சிரப்புகளும் இந்த வழியில்தான் வேலை செய்கின்றன. சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் அவற்றை டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது.

வெறுமனே மென்மையாக்குபவை: டாக்குசேட் போன்றவை. மலம் மென்மையானாலும் அதைத் தள்ள ஆள் வேண்டுமே? அதனால் ஓபியாய்டு எடுப்பவர்களுக்கு இது தனியாகப் போதாது.

பொதுவாகத் தூண்டும் மருந்து ஒன்று, தேவைப்பட்டால் நீரை இழுக்கும் மருந்து ஒன்று என்று டாக்டர் எழுதுவார். அளவை இரண்டு மூன்று நாளைக்கு ஒரு முறை கூட்டிக் குறைத்துச் சரிசெய்வார். ஓபியாய்டின் டோஸ் ஏறினால் மலமிளக்கியின் டோஸையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பல நேரங்களில் மறந்துபோவது இதுதான்.

இதெல்லாம் செய்தும் சரியாகவில்லை என்றால் அடுத்த கட்டமும் உண்டு. குடலில் உள்ள பூட்டுகளிலிருந்து மட்டும் ஓபியாய்டை விலக்கி, மூளையில் வலி நிவாரணத்தைக் கெடுக்காமல் விடும் மருந்துகள் வந்திருக்கின்றன. மெத்தில்நால்ட்ரெக்சோன் ஊசிக்கு 2008-லும், நாலாக்செகால் மாத்திரைக்கு 2014-லும், நால்டெமிடைன் மாத்திரைக்கு 2017-லும் அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு அனுமதி கொடுத்தது. குடலில் அடைப்பு இருந்தால் இவற்றைத் தரக் கூடாது என்பதால், பரிசோதித்த பிறகு டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். வேறு வகை ஓபியாய்டுக்கு மாற்றுவதும் ஒரு வழி. தோலில் ஒட்டும் ஃபெண்டனில் பேட்ச், வாய்வழி மார்ஃபினைவிட மலச்சிக்கலைக் குறைவாகவே தருகிறது. ஆனால் தராமல் இருப்பதில்லை.

பாத்ரூம் விஷயத்திலும் சில வழிகள்

மருந்தோடு சேர்த்துச் சில எளிய விஷயங்களும் உதவும்.

சாப்பிட்டதும் பெருங்குடல் இயல்பாகவே கொஞ்சம் சுறுசுறுப்பாகும். காலை டிபனோ காபியோ முடிந்து அரை மணி நேரத்துக்குள் கழிப்பறைக்குப் போய் உட்காரும் பழக்கம் வைத்துக்கொள்ளலாம். முக்க வேண்டாம். வரவில்லையா, எழுந்து வந்துவிட்டு அப்புறம் பார்க்கலாம்.

குந்தி உட்காரும்போது மலப்பாதை நேராகும் என்பதால் வெளியேறுவது சுலபம். வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் காலுக்குக் கீழே ஒரு சின்ன ஸ்டூல் போட்டு முழங்காலை உயர்த்திக்கொண்டால் ஏறத்தாழ அதே நிலை கிடைக்கும். ஆனால் இடுப்பு, முழங்கால் மூட்டு அறுவை சிகிச்சை செய்தவர்கள் டாக்டரையோ பிசியோதெரபிஸ்டையோ கேட்காமல் இதைச் செய்யக் கூடாது.

படுக்கையில் இருப்பவருக்கு முக்கியமாகத் தேவை மறைவு. கட்டிலில் பெட்பேன் வைத்துவிட்டு நாலு பேர் சுற்றி நின்றால் யாருக்கும் வராது. முடிந்தவரை கமோடு நாற்காலியில் உட்காரவைத்து, கதவைச் சாத்திவிட்டு, கூப்பிடும் தூரத்தில் நில்லுங்கள். 'மருமகளுக்குத் தொந்தரவு' என்று நினைத்து அடக்கி வைப்பவர்கள் உண்டு. சாப்பாட்டையே குறைத்துக்கொள்பவர்களும் உண்டு.

மற்ற மருந்துகளையும் ஒரு முறை பாருங்கள். வாந்தியை நிறுத்தும் ஒண்டான்செட்ரான், இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை, நரம்பு வலிக்கான அமிட்ரிப்டிலின் ஆகியவையும் மலச்சிக்கலைக் கூட்டுபவை. நீங்களாக நிறுத்த வேண்டாம். டாக்டரிடம் பட்டியலைக் காட்டுங்கள்.

"நல்லாத்தான் போகுது"... இந்தப் பதிலை நம்பலாமா?

பெரியவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் இந்த ஒரு பதில்தான் வரும். அதனால் கேள்வியை மாற்றிக் கேளுங்கள். கடைசியாக என்றைக்குப் போனீர்கள்? முக்க வேண்டியிருந்ததா? முழுசாகப் போன திருப்தி இருந்ததா? எப்படி இருந்தது?

எப்படி இருந்தது என்பதைச் சொல்ல ஒரு வழி இருக்கிறது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகர மருத்துவர்கள் உருவாக்கி 1997-ல் வெளியான 'பிரிஸ்டல் ஸ்டூல் சார்ட்' மலத்தை 7 வகையாகப் பிரிக்கிறது. முதல் வகை ஆட்டுப் புழுக்கை மாதிரி தனித்தனி உருண்டைகள். இரண்டாவது, அந்த உருண்டைகளை ஒட்டவைத்த மாதிரி கட்டி. இந்த இரண்டும் மலச்சிக்கல். மூன்றும் நான்கும் சரியான நிலை. நான்காவது பழுத்த வாழைப்பழம் போல வழுவழுப்பாக இருக்கும். ஐந்திலிருந்து ஏழு வரை இளகிக்கொண்டே போய்த் தண்ணீராகும்.

போனில் ஒரு நோட் திறந்து தேதி, வகை எண், எடுத்த மலமிளக்கி ஆகிய மூன்றை மட்டும் குறித்து வையுங்கள். "சரியா போகல டாக்டர்" என்பதைவிட, "நாலு நாள்ல ஒரு தடவை, ரெண்டாம் வகை" என்று சொல்வது அவருக்கு டோஸை முடிவு செய்ய உதவும். முக்காமல், மென்மையாக, குறைந்தது இரண்டு மூன்று நாளைக்கு ஒரு முறையாவது போக வேண்டும். மூன்று நாள் போகவில்லை என்றால் நான்காவது நாளுக்குக் காத்திருக்காமல் டாக்டரையோ நர்ஸையோ கூப்பிடுங்கள்.

லூஸ் மோஷன் போகுதே, அப்போ மலச்சிக்கல் இல்லதானே?

ஏமாற வாய்ப்புள்ள இடம் இது. பல நாள் போகாமல் மலம் ஆசனவாய்க்கு மேலே கல்லாக அடைத்து நிற்கும்போது, அதற்குப் பின்னால் உள்ள தண்ணீரான மலம் மட்டும் ஓரமாகக் கசிந்து வெளியே வரும். பார்ப்பதற்கு வயிற்றுப்போக்கு மாதிரியே இருக்கும். உடனே வயிற்றுப்போக்கு மாத்திரை கொடுத்தால் அடைப்பு இன்னும் இறுகும்.

நாலைந்து நாள் போகாமல் இருந்தவருக்குத் திடீரென்று கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீராகக் கசிகிறது, ஆடையில் படுகிறது என்றால் மருந்து கொடுக்கும்முன் டாக்டரிடம் காட்டுங்கள். விரல் பரிசோதனையில் பெரும்பாலும் தெரிந்துவிடும். அடைப்பை எடுக்க ஆசனவாய் வழியாக வைக்கும் மாத்திரை அல்லது எனிமா தேவைப்படலாம். கீமோதெரபியில் இருப்பவர்களுக்கு இவற்றை வீட்டில் நீங்களாகச் செய்யாதீர்கள். வெள்ளையணுக்களோ பிளேட்லெட்டோ குறைந்திருந்தால் தொற்றும் ரத்தக் கசிவும் வரலாம்.

எப்போ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும்?

* வயிறு வீங்கி இறுகி, காற்றுகூடப் பிரியாதபோது
* மலச்சிக்கலுடன் தொடர்ந்து வாந்தி வரும்போது
* விட்டுவிட்டுத் திருகும் கடுமையான வயிற்று வலி இருக்கும்போது
* மலத்தில் ரத்தம் அல்லது தார் போன்ற கறுப்பு நிறம் தெரியும்போது
* காய்ச்சலோடு வயிற்று வலி இருக்கும்போது
* கால்கள் திடீரென மரத்து, பலமிழந்து, சிறுநீரோ மலமோ கட்டுப்படாமல் போகும்போது. முதுகெலும்புக்குப் பரவிய புற்றுநோயில் இது தண்டுவட அழுத்தத்தின் அறிகுறியாக இருக்கலாம், தாமதிக்கவே கூடாது.

முதல் மூன்றும் குடல் அடைப்பின் அறிகுறிகள். அந்த நேரத்தில் மலமிளக்கியைக் கொடுக்காதீர்கள். அடைத்த குடலைத் தூண்டினால் ஆபத்து கூடும்.

வலி மாத்திரையையே நிறுத்திட்டா?

என் பெரியப்பா செய்தது இதைத்தான். இதில் இரண்டு ஆபத்துகள் உள்ளன. தொடர்ந்து எடுத்த ஓபியாய்டைத் திடீரென நிறுத்தினால் வலி திரும்புவதோடு, வியர்வை, பதற்றம், உடல் வலி, தூக்கமின்மை என்று உடல் எதிர்வினை காட்டும். இரண்டாவது ஆபத்து இன்னும் பெரியது. நோயாளி பாதிதான் விழுங்குகிறார் என்பது தெரியாமல் டாக்டர் டோஸை ஏற்றி, அதை வீட்டில் யாராவது கண் முன்னே முழுதாகக் கொடுக்க ஆரம்பித்தால், உடல் தாங்காத அளவு ஒரேயடியாக உள்ளே போய்விடும்.

'மார்ஃபின்னா போதை மருந்தாச்சே, குறைச்சதே நல்லதுதான்' என்று சொல்லும் உறவினர்களும் இருப்பார்கள். தவறாகப் பயன்படுத்தினால் ஓபியாய்டு ஆபத்தானதுதான். அதனால்தான் 1985-ம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் இவை கண்காணிக்கப்படுகின்றன. ட்ரமடாலும் 2018-ல் அந்தச் சட்டத்துக்குள் வந்தது. அதே சட்டத்தைத்தான் 2014-ல் திருத்தி, மார்ஃபின் போன்ற அத்தியாவசிய வலி மருந்துகள் தேவைப்படும் நோயாளிக்குக் கிடைக்க வழி செய்தார்கள். கடும் வலியில் இருப்பவருக்கு டாக்டரின் கண்காணிப்பில் சரியான அளவில் தரப்படும் மார்ஃபின் சிகிச்சை. அதைத் தொடர முடியாமல் செய்யும் மலச்சிக்கலைக் கவனிப்பதும் அதே சிகிச்சையின் பாதிதான்.

மலமிளக்கி பழகிவிடுமோ என்ற பயமும் நிறையப் பேருக்கு உண்டு. மூட்டு அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஒரு வாரம் ட்ரமடால் எடுப்பவர், அதை நிறுத்திக் குடல் பழையபடி ஆனதும் மலமிளக்கியையும் விட்டுவிடலாம். நீண்ட காலம் ஓபியாய்டு தேவைப்படுபவருக்கு அதுவரை மலமிளக்கியும் தேவை. மாத்திரையால் வந்த சிக்கலுக்குத்தான் இந்த மருந்து.

டாக்டரிடம் கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

டிஸ்சார்ஜ் ஆகும் நாளில், பில் கட்டும் அவசரத்திலும் இதை மட்டும் மறக்காதீர்கள்.

1. இந்தச் சீட்டில் ஓபியாய்டு மருந்து இருக்கிறதா? எத்தனை நாளைக்கு?
2. அதனுடன் மலமிளக்கி எழுதியிருக்கிறீர்களா? இல்லையென்றால் தேவையா?
3. எத்தனை நாள் மோஷன் போகவில்லை என்றால் உங்களைக் கூப்பிட வேண்டும்?
4. சிறுநீரகம், இதயம், சர்க்கரை நோய் இருப்பதால் தவிர்க்க வேண்டிய மலமிளக்கி எது?

இங்கே மருந்துகளின் அளவை நாம் வேண்டுமென்றே சொல்லவில்லை. வயது, நோய், மற்ற மருந்துகளைப் பார்த்து டாக்டர் முடிவு செய்ய வேண்டியது அது.

அன்றைக்கு நர்ஸ் டாக்டரிடம் போனில் பேசிவிட்டு, வயிற்றைப் பரிசோதித்து, ஆசனவாய் வழியாக மருந்து வைத்தார். இரவுக்கு ஒரு தூண்டும் மாத்திரையும் பவுடரும் சீட்டில் சேர்ந்தன. இரண்டாவது நாள் காலை பெரியம்மா போன் செய்தார். வழக்கமாக உடம்பு எப்படி, சாப்பிட்டாரா என்று தொடங்குகிறவர், அன்றைக்கு எடுத்ததுமே சொன்னார்: "போயிட்டாருடா. நல்லா போயிருக்கு. இப்போ இட்லி கேக்குறாரு."

மார்ஃபினைப் பழைய அளவிலேயே நேரம் தவறாமல் எடுக்க ஆரம்பித்தார். டோஸை ஏற்ற வேண்டியிருக்கவில்லை. கடைசி மாதங்களில் வலியால் விழித்திருந்த இரவுகள் குறைவு. நோயை யாராலும் நிறுத்த முடியவில்லை என்றாலும், பேரனுடன் உட்கார்ந்து கிரிக்கெட் பார்க்க அவரால் முடிந்தது.

உங்கள் வீட்டில் யாராவது வலிக்கு மாத்திரை எடுத்துக்கொண்டிருக்கிறார்களா? இன்றைக்குப் போன் பேசும்போது "வலி எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டு, கூச்சப்படாமல் அடுத்த கேள்வியையும் கேளுங்கள்: "கடைசியா எப்போ மோஷன் போனீங்க?"